மீன் குழம்புப் பக்கத்தின் வாசல்காவல்

குப்பைக் கருத்துகளை வடிகட்டுவது அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரிதான். கல்லைத் தவற விட்டால் ஊரே சொல்லிக்காட்டும், அரிசியை வீசிவிட்டால் அரிசியே போன் பண்ணித் திட்டும்.

எங்கள் மாவட்டச் சமையலுக்காக நாங்கள் நாலைந்து பெண்கள் ஒரு விக்கி நடத்துகிறோம். யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். ஆகவே மாத்திரை விற்பவனும் சூதாட்டக்காரனும் வருவான். அவர்களைப் பிடித்து நிறுத்த, தளத்தோடு ஒட்டவைத்த குட்டி மென்பொருள் ஒன்று, பெயர் ப்ளகின். அது நிறுத்தி வைத்ததைப் பார்த்து, விடுவதா அழிப்பதா என்று முடிவு செய்ய, திருக்கோகர்ணத்தில் சும்மா இருப்பதாக எல்லோரும் நம்பும் நான். இதே வேலையில் மாட்டியிருப்பவர்களே, உங்களுக்குப் புரியும்.

கான்வென்ட் கோளாறு

வத்தக்குழம்புக்குக் கீழே முழங்கால்வலி மாத்திரைக்காரன் ஆங்கிலத்தில் நாலு வரி எழுதியிருந்தான். எழுவாய் ஒருமை, பயனிலை பன்மை. கன்னியாஸ்திரீகளிடம் ஸ்கேல் அடி வாங்கிப் படித்தவளுக்கு அதை அப்படியே அழிக்க மனசு வருமா? திருத்தினேன், கமா வைத்தேன், கைப்பழக்கத்தில் 'சேமி'யை அழுத்திவிட்டேன். பிழையில்லாத மாத்திரை விளம்பரம் இரண்டு நாள் எங்கள் தளத்தில் இருந்தது. பார்த்துவிட்டு வீட்டுக்காரர் கேட்டார்: "வடிகட்டச் சொன்னா, அவனுக்கு டியூஷன் எடுத்துக்கிட்டு இருக்கியா?"

செல்வியின் மீன்கள்

எங்கள் மீன் பக்கங்கள் முழுக்கக் கட்டுமாவடி செல்வி எழுதியவை. மீன் வியாபாரம் பார்ப்பவர். அவர் இல்லையென்றால் எங்களில் ஒருத்திக்கும் காரலுக்கும் கிழங்காவுக்கும் வித்தியாசம் தெரியாது. படகு கரைக்கு வர வர, நின்றபடியே போனில் ஒவ்வொரு மீனாகத் திருத்துவார். பத்து நிமிஷத்தில் இருபது திருத்தம். சந்தேகம் இருந்தால் கேட்கட்டுமே என்று ஒவ்வொன்றின் கடைசியிலும் தன் போன் நம்பர். மனுஷர் வேலை என்று ப்ளகின் நம்பவில்லை, இருபதையும் பிடித்து வைத்தது. நானும் படித்துப் பார்க்கப் பொறுமையில்லாமல் ஒரே அழுத்தில் அழித்தேன். உடனே போன்: "அக்கா, நான் வச்ச நகரை மீனக் காணோம். பூனைய உள்ள விட்டீங்களா?"

ஒரே ஒரு கேள்வி

எல்லாவற்றையும் மீட்டுக் கொடுத்தேன். இனி இப்படி நடக்காதிருக்க, ப்ளகினில் இருக்கும் கேள்வி வசதியைப் போட்டேன். சரியாகப் பதில் சொன்னால் மனுஷர், தடையில்லை. செல்விக்கென்றே சுலபமான கேள்வி: மீன் குழம்பில் புளிப்புக்கு என்ன சேர்ப்பீர்கள்? விடை, புளி.

மறுநாள் ஒரு சூதாட்ட ரோபோ 'புளி' என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து முப்பது விளம்பரம் ஒட்டியது. செல்வி தோற்றுப்போய் வெளியே நின்றார். என்ன மீன், இன்றைக்குப் பிடித்ததா நேற்றையதா, மாங்காய் கிடைக்கிற மாசமா என்று தெரியாமல் எப்படிச் சொல்வது என்று மூன்று தடவை எழுதினாராம். இனிமேல் எழுதுவதாக இல்லை என்றார். "மீன் பேரச் சொல்லாம கொழம்பக் கேக்குற எடத்துல எனக்கு என்னங்க வேலை?"

புதுக் காவல்

கேள்வியைத் தூக்கினேன், மன்னிப்புக் கேட்டேன். மசியவில்லை. மீன் பக்கங்கள் மொத்தமும் போய்விடுமே என்ற பயத்தில், அங்கே எது இருக்கலாம், எது கூடாது என்று முடிவு செய்யும் அதிகாரத்தையே அவர் கையில் கொடுத்தேன். அதற்கு ஒத்துக்கொண்டார்.

சாயங்காலத்துக்குள் முப்பது விளம்பரமும் போயின. கூடவே, நான் பெருமையாக எழுதி வைத்திருந்த தேங்காய்ப்பால் கிழங்கா குழம்பும் போயிருந்தது. கோபமாகப் போன் போட்டேன். செல்வி நிதானமாகச் சொன்னார்: "ரோபோ எழுதுனதுன்னு நெனச்சேங்கக்கா. கிழங்காவுக்கு மனுசங்க தேங்காப்பால் ஊத்த மாட்டாங்க."

ப்ளகின் சந்தேகப்பட்டால் ஒரு பொத்தானில் தப்பிக்கலாம். செல்வி சந்தேகப்பட்டால் குழம்பை மறுபடி வைத்துத்தான் நான் மனுஷி என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது.