கவர்னர் முகம் போட்ட துணி

தையல்காரர் லசீசியின் கடையில் காலண்டர் கிடையாது. துணியைப் பார்த்தே வருஷத்தைச் சொல்லிவிடலாம். எங்கள் நாட்டில் கவர்னரையும் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுப்பார்கள். தேர்தல் வந்தால், வேட்பாளரின் முகம் அச்சடித்த துணி லேகோசிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். கட்சிப் பெண்கள் ஒரே மாதிரி தைத்துப் போட்டுக்கொண்டு ஆடப் போவார்கள். மிச்சத் துண்டு லசீசிக்கு. மூத்த மகள் பிறந்தபோது இருந்த கவர்னர் இப்போது ஜன்னல் திரை. அவளுடைய கல்யாணத்தின்போது இருந்தவர் இஸ்திரி மேசையில் மூக்கு கருகிப் படுத்திருக்கிறார். போன முறை ஜெயித்தவர் எம்பிராய்டரி மிஷினுக்கு உறை. தெருவில் வெடித்த டிரான்ஸ்பார்மரை மாற்றித் தருகிறேன் என்று சொல்லி நாலு வருஷம் ஓட்டிய மகான் அவர்தான். பொருத்தமான வேலை.

பெரிய அங்கிகளின் கழுத்துக்குப் பூவேலை போடுவதில் லசீசியை மிஞ்ச அந்த ஊரில் ஆளில்லை. ஆனால் மிஷினுக்குக் கரண்ட் வேண்டுமே! நாலு வருஷமாக அந்தக் கைகள் மிதி மிஷினில் பட்டனும் பாவாடையுமாகக் காலம் தள்ளின.

இந்த முறை விளக்குக் கட்சி. வேட்பாளர் ஒகுன்டேரோ. ஓட்டுக்குப் பத்து நாள் இருக்கையில் தெருமுனையில் நிஜமாகவே ஒரு டிரான்ஸ்பார்மர் வந்து இறங்கியது. கூடவே கட்சி மகளிர் தலைவி அல்ஹாஜா மோதினத் வந்தாள்.

"வாய மூடுங்க மாஸ்டர், ஈ பூந்துரும். சொன்னபடி கொண்டாந்து எறக்கிட்டோம்ல?"

"கம்பி எங்க அல்ஹாஜா?"

"மொதல்ல ஓட்டு. கம்பி எங்க போயிரப் போவுது?"

லசீசி தினமும் காலையில் அந்த டிரான்ஸ்பார்மரைத் துடைத்தார். சொந்த மாட்டைத் தேய்த்து விடுகிற மாதிரி துடைத்தார். தெருவே விளக்குக்குக் குத்தியது.

எண்ணி முடித்தால் வித்தியாசம் மயிரிழை. ஏழு சாவடியில் மறுபடி ஓட்டு நடத்தினால்தான் முடிவு தெரியும் என்று சொல்லிவிட்டார்கள். ஏழும் வேறு ஊரில். மறுநாள் காலை கிரேன் வந்தது. லசீசி கத்தரிக்கோலோடு ஓடினார்.

"எங்கப்பா தூக்கிட்டுப் போற?"

"மறு ஓட்டு நடக்குற ஊருக்கு பாபா. நீங்கதான் ஓட்டுப் போட்டாச்சே, இனிமே இது இங்க எதுக்கு?" என்றான் டிரைவர். நியாயமான கேள்விதான். அன்று மதியம் லசீசியின் அமலாக் களி தட்டிலேயே ஆறிப்போயிற்று.

ஒகுன்டேரோ ஜெயித்தார். பதவியேற்பு விழாவுக்கு அறுபது உடை வேண்டும் என்று அல்ஹாஜா மறுபடி மூட்டையோடு வந்தாள்.

"முகம் பளிச்சுனு தெரியணும் மாஸ்டர்."

"தெரியும்."

முகத்தை நெஞ்சில் வைக்கலாம், முதுகில் வைக்கலாம். இடுப்புக்குக் கீழே மட்டும் வைக்கக் கூடாது. எங்கள் ஊரில் நேற்றுத் தொழிலுக்கு வந்தவனுக்கும் தெரிந்த விதி இது. முப்பது வருஷம் அதைக் காப்பாற்றிய லசீசி, அறுபது உடையிலும் கவர்னரைப் பெண்கள் உட்காரும் இடத்தில் வைத்துத் தைத்தார்.

வாங்க வந்த பெண்கள் பார்த்தார்கள். "ஐயோ மாஸ்டர், இவரு மேலயா ஒக்காரணும்?" என்று ஒருத்தி கேட்க, கடை குலுங்கச் சிரித்தார்கள். அவர்கள் தெருக்களிலும் கரண்ட் இல்லை. ஒருத்தியும் திருப்பித் தரவில்லை. அல்ஹாஜா அவசரத்தில் தன் உடையை மாட்டிக்கொண்டு காரில் ஏறினாள். அவள் எப்போது பின்னால் திரும்பிப் பார்த்திருக்கிறாள்?

பக்கத்து சலூனில் ஜெனரேட்டர் ஓட, லசீசி டிவி முன்னால் உட்கார்ந்தார். இன்றைக்குப் போலீஸ் வரும், வரட்டும் என்றிருந்தார். அறுபது பேரும் மேடைக்கு முதுகு காட்டிக் குனிந்து ஆடினார்கள். அறுபது ஒகுன்டேரோக்கள் கன்னம் உப்பினார்கள், கண் சிமிட்டினார்கள். நிஜ ஒகுன்டேரோ எழுந்து நின்றார், கண் கலங்கியிருந்தது.

"பாத்தீங்களா! புள்ளைய முதுகுல கட்டிச் சுமந்தா அது வந்து ஒக்கார்ற எடத்துல என்னைய வச்சிருக்காங்க! நான் இவங்க புள்ள!"

கூட்டம் ஆர்ப்பரித்தது. லசீசி தலையில் கை வைத்துக்கொண்டார்.

மறுநாளே அல்ஹாஜா வந்துவிட்டாள். "கவர்னரு குளுந்து போயிட்டாரு மாஸ்டர். என்ன வேணும்னு கேட்டாரு."

"டிரான்ஸ்பார்மர்."

"அவ்ளோதானா?" அங்கேயே போன் போட்டாள்.

அடுத்த வாரம் லாரிச் சத்தம் கேட்டதும் லசீசி உறையை உருவி எறிந்தார். எம்பிராய்டரி மிஷினுக்கு எண்ணெய் விட்டார். தங்க நிற நூலை ஊசியில் கோத்துவிட்டே வெளியே ஓடினார்.

லாரியிலிருந்து துணி மூட்டைகள் இறங்கின. எல்லாவற்றிலும் ஒகுன்டேரோ.

"ஊராட்சித் தேர்தல் வருதுல்ல? ரெண்டாயிரம் உடுப்பு. அதே மாடல்தான் வேணும்னு உத்தரவு!" என்றாள் அல்ஹாஜா.

"டிரான்ஸ்பார்மர்?"

"பத்திரமா வச்சிருக்கோம் மாஸ்டர். அடுத்த கவர்னர் தேர்தலுக்கு உங்க தெருவுலதான் மொதல்ல எறக்குவோம்."

லசீசி உள்ளே போய் ஊசியிலிருந்த நூலை உருவினார். உறையை எடுத்துத் தூசி தட்டி, மறுபடி மிஷின் மேல் போர்த்தினார். மூட்டைகள் கடையை அடைத்துக்கொண்டதில் முக்காலிக்கு இடமில்லை. மிதி மிஷின் முன்னால் ஒரு மூட்டையை இழுத்துப் போட்டு, கவர்னரின் முகம் மேலே வருகிற மாதிரி திருப்பி, அதன் மேல் நன்றாக உட்கார்ந்து மிதிக்க ஆரம்பித்தார்.