ஏழாவது சுற்று

பேரன் சிறிய விமானம் ஓட்டப் பழகுகிறான். மேகம் தாழ இறங்கிய நாட்களில், அவன் தரைக்கு வந்து போன் செய்யும்வரை ஜன்னல் கம்பிகளை எண்ணிக்கொண்டிருப்பேன். மொத்தம் நாற்பத்திரண்டு. இந்தப் பயம் முதுமையில் வந்ததல்ல.

எனக்கு அப்போது ஒன்பது வயது. விருத்தாசலத்தில் பீங்கான் சூளைகளுக்குப் பின்னால் ஒரு பொட்டல் இருந்தது. ஓர் ஐப்பசி மத்தியானம், கரும்புக்கு மருந்து தெளிக்க வந்த குட்டி விமானம் ஒன்று மழைமேகத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டது. எங்களுக்கு வேடிக்கை காட்டுவதாகத்தான் நாங்கள் நினைத்தோம். ஐந்து புகைபோக்கிகளில் மூன்றின் உச்சியை மேகம் மறைத்திருந்தது. விமானம் அவற்றைச் சுற்றி வந்து பொட்டலை நோக்கித் தாழும். அருகில் வந்ததும் உறுமிக்கொண்டு மேலே ஏறிவிடும். நடுப்பொட்டலில் பையன்கள் சட்டையைக் கழற்றி வீசிக் கூத்தாடினார்கள். நான் மட்டும் சற்றுத் தள்ளி, களிமண் குவியலோரம் நின்று எண்ணினேன். ஆறு முறை.

அப்போது சித்தப்பா ஓடிவந்தார். சூளைக்குத் தீ போடுபவர். சூடு ஏறும் நேரத்தில் சோற்றுக்குக்கூட வெளியே வராத மனிதர், தணல் கிளறும் கம்பியோடு நின்றார்.

"அவரு வெளையாட்டா காட்றாரு? நீங்க நடுவுல நிக்கிறதாலதான்டா எறங்க முடியாம தவிக்கிறாரு. ஓரம் போங்கடா."

கம்பிக்குப் பயந்து சிதறினோம். ஏழாவது சுற்றில் விமானம் தரையைத் தொட்டது. இரண்டு முறை துள்ளி, வேலிகாத்தான் புதரில் மூக்கை நுழைத்து நின்றது. உடனே மழை கொட்டியது.

விமானி இளைஞர். சூளைக் கொட்டகையில் சித்தப்பா கொடுத்த தண்ணீரில் பாதி அவர் சட்டையில் சிந்தியது.

"பொழச்சீங்க தம்பி, மெதுவா குடிங்க" என்றார் சித்தப்பா.

விமானி சிரிக்க முயன்றார். பதினாறு பிள்ளைகளும் பத்திரம்தானே என்று கேட்டார். மேலேயிருந்து ஒவ்வொரு முறையும் எண்ணினாராம். கடைசிவரை நடுவில் வழி கிடைக்காவிட்டால், ஆளில்லாத களிமண் குவியலோரம் இறக்கிவிட நினைத்திருந்தாராம்.

"பதினேழு சார். நான் களிமண்ணாண்ட நின்னேன்" என்றேன்.

அவர் முகம் வெளுத்தது. டம்ளரை வைத்துவிட்டு என்னை இழுத்துத் தன் மடியோடு சேர்த்துக்கொண்டார். வெகுநேரம் விடவேயில்லை. விமானம் ஓட்டுகிறவரையே கணக்கில் ஜெயித்துவிட்ட பெருமையில் இருந்தேன் நான். தோற்றவர் எதற்காக இப்படி நடுங்குகிறார் என்றுதான் விளங்கவில்லை.