டேங்க் விளிம்பில் உடைத்த தேங்காய்

புது மேனேஜர் வந்த அன்று பட்டறையைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "இந்த பிளாஸ்டிக் டப்பாவுக்கெல்லாம் ஒரு வெல்டரா?" அந்த வெல்டர் நான்தான். எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் ஆசிட் டேங்க் செய்துகொண்டிருந்தோம். அவர் இருபத்தைந்து வருஷம் இரும்பு ஒட்டியவர். பிளாஸ்டிக்கும் கொஞ்சம் நோஞ்சானான இரும்புதான் என்று முடிவு கட்டிவிட்டார்.

எங்கள் டேங்குக்கு இரண்டு சுவர். உள்ளே பி.வி.சி. ஷீட், அது ஆசிட்டைத் தாங்கும். வெளியே கண்ணாடி நார்ப் பாயை ரெசின் பசையில் நனைத்து ஒட்டுவோம், அது பலம் கொடுக்கும். இரும்பில் செய்தால் கிரேன் கேட்கும் டேங்கை எட்டுப் பேர் தூக்கி லாரியில் வைத்துவிடலாம். டேங்கின் உயிர் மட்டும் உள்மூலைகளில் இருக்கிறது. சுடுகாற்றை ஊதும் ஹாட் ஏர் கன்னால் ஷீட்டையும் குச்சிபோன்ற பி.வி.சி. ராடையும் ஒன்றாக இளக்கி, ராடைக் கையால் அழுத்திக்கொண்டே போகவேண்டும். ஓரம் லேசாக மினுமினுத்தால் சரி. பழுப்பானால் கருகிவிட்டது, ஒட்டினமாதிரி இருக்கும், ஓர் அடி விழுந்தால் விட்டுவிடும்.

பக்கத்துக் கம்பி ஃபேக்டரியிலிருந்து ஆர்டர் வந்தது. துருப்பிடித்த கம்பிக்கட்டை ஆசிட்டில் முக்கி எடுக்கும் டேங்க். அதை முக்கி எடுக்கும் வேலை என் தங்கை புருஷன் தேவராஜுக்கு. ஆரம்பாக்கத்திலிருந்து இரண்டு பேரும் ஒரே ரயிலில் வருவோம், ஒருவரையொருவர் மச்சான் என்போம். எட்டு மணி நேரம் அந்த டேங்கை ஒட்டி நிற்கப்போவது அவன்தான். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

மேனேஜருக்கு என் வேகம் பிடிக்கவில்லை.

"சூட்டை ஏத்துப்பா. பயந்து பயந்து ஒட்டினா வெல்டு நிக்குமா?"

"சார், இது பழுப்பாயிடும் சார்."

"நீ பொறக்கறதுக்கு முன்னாடி கன் புடிச்சவன் நான். ஏத்து."

நான் பிறந்தபோது அவர் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பார். ஆனாலும் ஏற்றினேன். நாலு மூலையும் பழுப்பானது. அதற்கும் அவரிடம் வைத்தியம் இருந்தது: "சுரண்டி விட்டுடு. கஸ்டமர் கண்ணுக்குப் பளிச்சுன்னு இருக்கணும்." சுரண்டினேன். தண்ணீர் நிரப்பிப் பார்த்தோம், ஒரு சொட்டு ஒழுகவில்லை. வெளிச்சுவர் தாங்கிக்கொண்டிருக்கும்போது உள்சுவரின் லட்சணம் எப்படித் தெரியும்? உள்மூலை விட்டால் ஆசிட் வெளிச்சுவரைத் தின்று பக்கத்தில் நிற்பவன் மேல் பாயும். மூன்று நாள் தேவராஜோடு ரயிலில் வந்தேன். கிரிக்கெட் பேசினோம், அரிசி விலை பேசினோம். டேங்கைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம், வேறொன்றுமில்லை.

டேங்கை எடுக்க லாரி வந்தது. கூடவே கம்பி ஃபேக்டரி இன்ஜினீயரும் தேவராஜும். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சாமான் வெளியே போகும்போது சந்தனம் குங்குமம் வைத்து, கேட் பக்கத்துக் கருங்கல்லில் தேங்காய் உடைப்போம். மேனேஜர் கல்லைத் திரும்பியும் பார்க்கவில்லை. அவருடைய பழைய பட்டறையில் செய்த சாமான் மேலேயே உடைப்பார்களாம், கம்பீரமாக இருக்குமாம்.

டேங்க் விளிம்பில் ஓங்கி ஒரு போடு போட்டார். தேங்காய் சரிபாதியாக உடைந்தது. உள்ளேயும் 'டப்' என்று ஒரு சத்தம்.

இன்ஜினீயர் எட்டிப் பார்த்தார். "மூலையில அது என்ன கோடு?"

"தேங்கா நாரா இருக்கும் சார்," என்றார் மேனேஜர், கண் இமைக்காமல்.

தேவராஜ் டேங்குக்குள் இறங்கி விரலால் தடவினான். "நாரு இல்ல சார். நகம் உள்ள போவுது."

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. "சூடு ஜாஸ்தி சார். நாலு மூலையும் அப்படித்தான்."

லாரி காலியாகத் திரும்பியது. மறுநாள் நோட்டீஸ் போர்டில் ஒரு சர்குலர்: இனிமேல் தேங்காயைக் கருங்கல்லில் மட்டுமே உடைக்கவேண்டும். சூட்டைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. நானாகவே குறைத்துக்கொண்டேன், மேனேஜரும் பார்க்காததுபோல் போய்விட்டார்.

லாரி காலியாகத் திரும்பிய அன்று சாயங்காலமே ரயிலில் தேவராஜ் கேட்டான். "உனுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"நான்தான் அங்க நின்னுக்கினு இருப்பேன்னு?"

"தெரியும்."

"நல்லா இருய்யா வெல்டரு. தேங்கா சொல்லிச்சு, நீ சொல்லல."

அதற்குப் பிறகு அவன் வேறு பெட்டியில் ஏறினான்.

உள்சுவர் முழுவதையும் பெயர்த்துப் புதிதாக ஒட்டினேன். இரண்டாம் முறை லாரி வந்தபோது தேவராஜ் கையில் ஒரு தேங்காய். சர்குலரைத் தாண்டி நேரே வந்து என்னிடம் நீட்டினான். "நீயே உடை. விளிம்புல."

உடைத்தேன். அவன் டேங்குக்குள் இறங்கி, நாலு மூலையிலும் மேலிருந்து கீழே நகத்தை இழுத்துப் பார்த்தான். அவசரமே படவில்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: பழுப்பைப் பார்த்தால் கன்னைக் கீழே வைத்துவிட்டு வாயைத் திற. மேனேஜர் திட்டுவார், திட்டட்டும். அந்த டேங்க் பக்கத்தில் யாரோ ஒருவரின் மச்சான் நிற்கப்போகிறான்.

தேவராஜ் வெளியே வந்து தேங்காய் மூடியில் ஒன்றை என்னிடம் கொடுத்தான்.

"ஒரு கை புடி மச்சான், ஏத்தலாம்," என்றான்.