அறுபது ஃபைல்களும் ஒரு நம்பரும்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நான் செய்த வேலை, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான். "பில்டு ஓடுது, யாரும் தொடாதே" என்று ஒரு அட்டை கம்ப்யூட்டர் மேல் தொங்கியது. எங்கள் நான்கு பேருக்கும் அந்த ஒரே மெஷின். காலை பத்து மணிக்குத் தொடங்கிய பில்டு ஒன்றரைக்கு முடிய வேண்டும். பன்னிரண்டரைக்குக் கரண்ட் போயிற்று. எழுதிக்கொண்டிருந்த ஃபைல் கெட்டிருக்கும் என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

எண்பதுகளின் கடைசி அது. ஓசூர் அப்போது தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. லாரி எடைமேடைக்கு எலெக்ட்ரானிக் பெட்டி செய்கிற சின்ன கம்பெனி எங்களுடையது. பெட்டிக்குள் ஓடும் புரோகிராமை எழுதி, மெஷின் மொழிக்கு மாற்றி (அதைத்தான் கம்பைல், மொத்தமாகச் செய்தால் பில்டு என்போம்), சிப்பில் ஏற்றித் தருவது எங்கள் பிரிவு. நான் பொம்மிடிப் பக்கத்து விவசாயி மகள், ஆரோக்கியமேரி. ஆறு மாதம் புரொபேஷன். "பொம்பளப் பிள்ளைக்கு மெஷின் வேலை எதுக்கு" என்று கேட்ட சொந்தக்காரர்கள் முன்னால் வேலை போய்த் துணிப்பெட்டியோடு இறங்குவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

புரோகிராம் அறுபது ஃபைல்களாக இருந்தது. பல ஃபைல்களுக்குப் பொதுவான அளவுகளையும் நம்பர்களையும் தனியே ஹெடர் ஃபைல்களில் வைப்போம். ஒரு ஹெடரை மாற்றினால், அதைப் பயன்படுத்தும் ஃபைல்களை மட்டும் மறுபடியும் கம்பைல் செய்தால் போதும். எதற்கு எது தேவை என்று மேக் ஃபைல் என்ற பட்டியலில் எழுதி வைக்க வேண்டும். எங்கள் மேக் ஃபைலிலோ, அறுபதுக்கும் எல்லா ஹெடரும் தேவை என்று எழுதியிருந்தது. ஒரு நம்பரை மாற்றினாலும் அறுபதும் ஓடும், மூன்றரை மணி நேரம்.

ஏன் என்று மேனேஜர் கோவிந்தராஜ் சாரிடம் கேட்டேன்.

"முன்னாடி ஒருத்தன் ஒரு ஹெடர விட்டுட்டான்மா. கஸ்டமர்கிட்ட எடை தப்பாக் காட்டிச்சு. நாறிப்போச்சு பொழப்பு. அன்னையிலயிருந்து எல்லாத்துக்கும் எல்லாம். நீ வேலையப் பாரு."

நான் வேலையைத்தான் பார்த்தேன். அறுபது ஃபைலையும் பிரின்ட் எடுத்து, எது எந்த ஹெடரைக் கூப்பிடுகிறது என்று கையாலேயே பட்டியல் போட்டேன். யாரிடமும் கேட்காமல் அதை வைத்து ஒரு பில்டு ஓட்டினேன். கால் மணி நேரத்தில் முடிந்தது. குதிக்காத குறைதான். டெஸ்ட் மேசையில் இருபது கிலோ கல்லை வைத்தோம். இரண்டு கிலோ என்று காட்டியது.

ஒரு ஹெடருக்குள் இன்னொரு ஹெடர் இருந்ததை நான் கவனிக்கவில்லை. அதை மாற்றியும், அதைப் பயன்படுத்தும் ஃபைல் மறுபடி கம்பைல் ஆகாமல் பழைய நம்பரோடே நின்றுவிட்டது. அசிங்கமாகப் போய்விட்டது. மேனேஜர் கையோடு மெமோ கொடுத்தார்.

"இன்னொரு தடவை இப்டிப் பண்ணா மூட்டையக் கட்டிக்க வேண்டியதுதான்."

"தப்பு என்னோடதுதான் சார். அதுக்காக எல்லாத்துக்கும் எல்லாங்கற பழைய லிஸ்ட் சரின்னு ஆயிடாது" என்றேன். வாயை மூடிக்கொண்டிருக்கலாம், முடியவில்லை.

கைப்பட்டியலை நம்பியதுதான் பிசகு. ஹெடருக்குள் ஹெடர், அதற்குள் ஹெடர் என்று கடைசிவரை போய்த் தேடித் தானாகவே பட்டியல் போட ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். அதன் பிறகு ஒவ்வொரு முறை சாரின் நீள பில்டு முடிந்ததும், தனி டைரக்டரியில் என் பில்டையும் ஓட்டி, கம்பேர் கமாண்டில் இரண்டையும் ஒப்பிட்டேன். பதினொரு தடவை ஒப்பிட்டேன். ஒரு பைட் கூட மாறவில்லை. எல்லாவற்றையும் நோட்டில் குறித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு சர்க்கரை ஆலையிலிருந்து எடைமேடை பார்க்கும் முனியப்பன் வந்து நின்றார். இரட்டை டிரெய்லர் கரும்பு வண்டி ஏறினால் பெட்டி எர்ரர் காட்டுகிறதாம். அதிகபட்ச எடை என்ற ஒரு நம்பரை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். அவர் வந்த அன்று இரண்டு தடவை கரண்ட் போய் இரண்டு பில்டும் பாழ். மறுநாள் காலையிலும் அதே கதை.

"வண்டியெல்லாம் ரோட்ல நிக்குதுங்க சார். கரும்பு காயுது, வெட்டுனவன் என்னையத் திட்றான். நான் வூட்டுக்குப் போயே மூணு நாளாச்சுங்க" என்றார் முனியப்பன்.

கரண்ட் வந்ததும் நான் போய் அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு என் பில்டை ஓட்டினேன். மூன்று ஃபைல்கள், கால் மணி நேரம். மேனேஜர் வந்து பார்த்தபோது சிப் என் கையில் இருந்தது.

"யாரக் கேட்டு?"

நோட்டைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன். "பதினோரு தடவை சார். பாத்துக்கோங்க."

அவர் புரட்டிப் பார்த்தார். முனியப்பனையும் பார்த்தார். "நீ கையெழுத்துப் போடுவியா? தப்பாப் போச்சுன்னா நாளைக்கே நீ வூட்டுக்கு."

போட்டேன். சிப்பை மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு முனியப்பன் பஸ் பிடிக்க ஓடினார்.

மறுநாள் கரண்ட் போகவில்லை. மூன்றரை மணி நேர பில்டு முழுதாக முடிந்தது. மேனேஜர் என் நாற்காலிக்குப் பின்னால் நிற்க, இரண்டையும் ஒப்பிடக் கமாண்ட் கொடுத்தேன். ஒன்றும் வராமல் கர்சர் மட்டும் அடுத்த வரியில் நின்றது.

"என்னம்மா, ஒண்ணும் வரல?"

"வித்தியாசம் இருந்தாத்தான் சார் ஏதாவது வரும்."

அவர் குனிந்து திரையைப் பார்த்தார். பிறகு, "சரி, உன்னோடதே இருக்கட்டும். பழைய லிஸ்டையும் ஒரு பக்கம் போட்டு வை, சேஃப்டிக்கு" என்றார்.

"இருந்தா பயம் வரும்போதெல்லாம் அதுக்குத்தான் சார் போவோம்" என்று சொல்லி, அவர் பார்க்கும்போதே அதை அழித்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். டீ சொல்லிவிட்டுப் போனார். புரொபேஷன் முடிந்து வேலை நிரந்தரமானது. மெமோவை மட்டும் கடைசிவரை அவர் திரும்ப வாங்கவில்லை, நானும் மன்னிப்பு எழுதித் தரவில்லை.

இப்போது வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: எதற்கு எது தேவை என்று பார்க்கச் சோம்பல்பட்டுத்தான் எல்லாம் தேவை என்று எழுதி வைக்கிறார்கள், அதற்குப் பாதுகாப்பு என்று பெயரும் வைக்கிறார்கள். பதினொரு தடவை சரிபாருங்கள். பிறகு யார் தடுத்தாலும் பழையதை அழித்துவிடுங்கள்.