டாக்டருக்குப் பக்கம் திருப்பிய ஞாயிறு

பியானோ வாசிப்பவருக்குப் பக்கம் திருப்புவது பெரிய வேலை இல்லை. அவருக்கு இடது புறம் நிற்க வேண்டும். கடைசி வரி வந்ததும் தாளின் மேல் முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவர் தலையசைத்ததும் சத்தம் வராமல் புரட்ட வேண்டும். ஆனால் அந்தக் கோடுகளையும் புள்ளிகளையும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரிந்து அப்போது சங்கரன்கோவிலில் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் மிஷன் ஆஸ்பத்திரியின் வெள்ளைக்கார டாக்டர். இன்னொருத்தி நான்.

பாளையங்கோட்டையில் போர்டிங்கில் படித்தபோது எட்டாம் வகுப்பிலிருந்து பத்து வரை பியானோ கற்றுக்கொண்டேன். கல்யாணத்துக்குப் பிறகு அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என் கணவருக்கு மின்சார ஆபீசில் சூப்பர்வைசர் வேலை. டாக்டர் பங்களாவில் வயரிங் பார்க்கப் போனவர் பேச்சுவாக்கில் என் படிப்பைச் சொல்லிவிட்டு வந்தார்.

டாக்டருடைய அக்கா சீமையில் படுத்த படுக்கையாக இருந்தார். சின்ன வயதில் இருவரும் சேர்ந்து வாசித்த பழைய நடனத் தொகுப்புகளைத் தம்பி வாசித்து ஒரு தடவை கேட்க வேண்டும் என்று எழுதியிருந்தாராம். இருநூறு வருஷத்துக்கு முந்தைய சங்கீதம். மெட்ராஸிலிருந்து வந்திருந்த பாதிரியார் ஒருவரிடம் டேப் ரிக்கார்டர் இருந்தது. திங்கட்கிழமை காலை அதை எடுத்துக்கொண்டு அவர் கப்பலேறப் போகிறார். கையில் ஒரே ஒரு ரீல். ஞாயிற்றுக்கிழமை பஞ்சு மில் ஓடாது, கரண்ட் ஒரே சீராக இருக்கும். கரண்ட் இறங்கினால் டேப்பின் ஓட்டம் மாறி, பிறகு கேட்கும்போது சுருதியும் மாறிவிடும் என்று என் கணவர் சொன்னார். மெஷினை இயக்குவது அவர் பொறுப்பு, பக்கம் திருப்புவது என் பொறுப்பு.

பிள்ளைக்கு அப்போது ஐந்து மாதம். பெண். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பால் குடிக்கும், கொஞ்சம் தாமதமானாலும் தெருமுனை வரை கேட்கும்படி அழும். வீட்டில் விட்டுப் போகவும் ஆள் இல்லை. அத்தை ஒரு சடங்குக்காகப் பனவடலிசத்திரம் போயிருந்தார்.

"சத்தம் வரக்கூடாது, பாத்துக்கோ," என்று முந்தின நாளே என் கணவர் இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

ஞாயிறு பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றும் நாள். குளிப்பாட்டியதும் உரை மருந்து கொடுக்க வேண்டும். வசம்பு, மாசிக்காய், சுக்கு, ஜாதிக்காய் எல்லாவற்றையும் தாய்ப்பாலில் கல்லில் உரைத்துச் சங்கில் ஊட்டுவோம். எதற்கு எத்தனை இழைப்பு என்று கணக்கு உண்டு. "ஜாதிக்காய் மட்டும் கல்லத் தொட்டுட்டு எடுத்திரணும், ஒரே இழைப்பு. அது உறக்கத்துக்கு உள்ளது," என்பார் அத்தை. அது வரை அத்தைதான் இழைப்பார். அன்று முதல் தடவையாக நான் இழைத்தேன். ஒன்று. பிறகு நினைத்தேன், பதினொரு மணிக்கு அழுதுவிட்டால்? இரண்டு. மத்தியானம் வரையாவது தூங்கட்டுமே. எண்ணிக்கொண்டுதான் இழைத்தேன். ஆறு.

எட்டரை மணிக்குப் புகட்டினேன். ஒன்பதரைக்குப் பங்களாவுக்குப் போனபோது பிள்ளை தோளில் துவண்டு கிடந்தது. டாக்டர் வீட்டுச் சமையல்காரம்மா பக்கத்து அறையில் பாய் விரித்து வைத்திருந்தாள். கதவை ஒருச்சாய்த்து வைத்தோம், நான் நிற்கும் இடத்திலிருந்து அவள் தெரிவாள், பிள்ளை தெரியாது.

ஜன்னலுக்கெல்லாம் மெத்தை சாத்தியிருந்தது. ஃபேன் ஓடினால் மைக்கில் கேட்கும் என்று நிறுத்தியிருந்தார்கள். டாக்டர் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார். அறுபது வயதிருக்கும். வலது கட்டை விரலில் வீக்கம், வாசிப்பதற்கு முன் வெந்நீரில் முக்கி எடுப்பார். என் கணவர் கையை உயர்த்தினார், இறக்கினார். ரீல் சுற்றத் தொடங்கியது.

முதல் தொகுப்பில் ஆறு நடனங்கள். நடப்பது போல ஒன்று, ஓடுவது போல ஒன்று, அடுத்தது பாரம் தூக்கியது போல மெதுவாக. நான் பக்கத்தைத்தான் பார்த்தேன், ஆனாலும் ஒரு கண் கதவுப் பக்கம் போனது. சமையல்காரம்மா சிரித்துக்கொண்டே கன்னத்தில் கை வைத்துக் காட்டினாள். தூங்குகிறது. நானும் தலையசைத்தேன்.

அது முடிந்து மெஷினை நிறுத்தியதும் ஓடிப்போய்ப் பார்த்தேன். உடம்பு வெதுவெதுப்பாக இருந்தது, மூச்சு வந்தது. உள்ளங்கையில் விரலை வைத்தேன். எப்போதும் இறுக்கிப் பிடிக்கும் கை அன்று பிடிக்கவில்லை.

"ஏன் தாயி சும்மா சும்மா தொடுதிய? எழுப்பி விட்டுட்டு பெறவு நீங்கதான் கஷ்டப்படணும். இப்படி ஒரு பிள்ளய நான் பாத்ததே இல்ல. பெத்தா இப்படிப் பெக்கணும், எனக்கு வாய்ச்சது எல்லாம் காக்காக் கூட்டம்," என்றாள் சமையல்காரம்மா.

என் கணவர் வாசலில் வந்து நின்றார். "உறங்குதுல்லா? பெறவென்ன, வா. ரீலு பாதி இருக்கு."

டாக்டர் பத்தடி தள்ளி வெந்நீரில் விரலை முக்கிக்கொண்டிருந்தார். அவரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் ஆஸ்பத்திரியில் அவர் தாய்மார்களைத் திட்டுவதை நான் கேட்டிருக்கிறேன். "கல்லுல இழைச்சத எல்லாம் ஊத்திட்டு, கடைசியில எங்கிட்ட தூக்கிட்டு வாரிய," என்று நம் ஊர்த் தமிழிலேயே திட்டுவார். வயல் வேலைக்குப் போகும் பெண்கள் தலைகுனிந்து நிற்பார்கள். பத்து வரை படித்த நானும் அந்த வரிசையில் நிற்பதா? ஒருவேளை ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். குளித்த அலுப்பாக இருக்கலாம். இதைச் சொல்லி, அவர் வாசிப்பு கெட்டு, பிள்ளையும் அந்த நேரம் பார்த்துக் கொட்டாவி விட்டு எழுந்தால் என்னை என்ன நினைப்பார்கள்? திரும்பி வந்து என் இடத்தில் நின்றேன்.

இரண்டாவது தொகுப்பு. அந்த நடனங்கள் எல்லாம் இரண்டு இரண்டு பாதி. ஒவ்வொரு பாதியையும் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லித் தாளில் புள்ளி போட்டிருக்கும். வாசிப்பவர் விரும்பினால் ஒரு தடவையோடு விட்டுவிடலாம். டாக்டர் ஒன்றையும் விடவில்லை. ஒரு பாதி முடியும் இடத்தில் எல்லாம், போதும், மேலே போங்கள் என்று மனசுக்குள் கேட்டுக்கொள்வேன். அவர் தலை முதல் வரிக்குத் திரும்பும். நான் பக்கத்தைப் பின்னால் புரட்டுவேன்.

மூன்றாவது நடனத்தின்போது எனக்குப் பால் கட்டியது. ரவிக்கை நனைந்தது, சேலை முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன். வழக்கமாக எனக்குப் பால் ஊறுவதற்கு முன்பே பிள்ளை அழத் தொடங்கிவிடும். சுவர்க்கடிகாரத்தையும் சத்தம் வரும் என்று நிறுத்தியிருந்தார்கள், மணி தெரியவில்லை. கதவைப் பார்த்தேன். சமையல்காரம்மா மறுபடியும் கன்னத்தில் கை வைத்துக் காட்டினாள். இந்தத் தடவை நான் தலையசைக்கவில்லை.

நாலாவது, ஐந்தாவது. இரண்டுக்கும் நடுவில் நாலைந்து விநாடி இடைவெளி. அந்த இடைவெளியில் வாயைத் திறந்தேன். என் கணவர் ரீலைக் காட்டி உதட்டில் விரல் வைத்தார். மூடிக்கொண்டேன்.

கடைசி நடனம் குதித்துக் குதித்துப் போவது. டாக்டர் நெற்றி வியர்வை பியானோ கட்டைகளின் மேல் சொட்டியது, நிறுத்தவில்லை. முதல் பாதியை வாசித்தார், திரும்பவும் வாசித்தார். இரண்டாவது பாதியும் முடிந்தது. இதோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவர் தலையசைத்தார், பின்னால் புரட்டச் சொல்லி. இன்னும் ஒரே ஒரு தடவை, இரண்டு நிமிஷம்கூட இருக்காது. என் கை தாளின் முனையைப் பிடித்திருந்தது. புரட்டாமல் விட்டுவிட்டுப் பக்கத்து அறைக்கு ஓடினேன்.

பின்னால் வாசிப்பு நின்றது. மெஷின் நிறுத்தும் டக் சத்தம் கேட்டது.

பிள்ளையைத் தூக்கினேன். தலை என் முழங்கையில் அப்படியே சாய்ந்தது. காதருகில் கூப்பிட்டேன், அசைவில்லை. டாக்டர் வந்தார். ஒன்றும் கேட்காமல் வாங்கிப் பாயில் கிடத்தி, இமையைத் தூக்கிப் பார்த்தார். உள்ளங்காலைச் சுண்டினார். கால் மெதுவாகச் சுருங்கியது.

"என்ன கொடுத்தீங்க?"

"உரை மருந்து."

"ஜாதிக்காய் எத்தனை இழைப்பு?"

அவருக்கு அதெல்லாம் தெரிந்திருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "ரெண்டு," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை, தாளில் ஒரு வரியைச் சரிபார்ப்பது போலப் பார்த்தார். "தாயி, பாவமன்னிப்புக் கேக்க நான் பாதிரியார் இல்ல. எனக்கு எண்ணிக்கை வேணும், அவ்வளவுதான்."

என் கணவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். சமையல்காரம்மாவும் இருந்தாள்.

"ஆறு," என்றேன்.

அதற்குப் பிறகு டாக்டர் பியானோ பக்கம் போகவே இல்லை. ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தார், சுண்டினார், நிமிர்த்தி உட்கார வைத்தார், மூச்சை எண்ணினார். கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை பாலுக்கு வைக்கச் சொன்னார். காம்பு வாயில் இருந்தும் பிள்ளை இழுக்கவில்லை. டாக்டர் முகத்தைப் பார்த்து ஏதாவது கேட்கப் பயந்து அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீங்கிய கட்டை விரலை ஒதுக்கிவிட்டு மற்ற விரல்களால் நாடி பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு மணியாகி, இரண்டும் ஆனது. சாப்பாட்டை யாரும் தொடவில்லை. இரண்டரைக்குப் பிள்ளை முகத்தைச் சுளித்து முனகியது. டாக்டர் மறுபடியும் சுண்டினார். அது வாயைத் திறந்து, ஜன்னல் மெத்தையெல்லாம் தாண்டி ரோட்டுக்குக் கேட்கும்படி அழுதது. பாலுக்கு வைத்ததும் இழுக்க ஆரம்பித்தது. "அப்பாடி, பட்டத்து ராணி முழிச்சாச்சு," என்று சமையல்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"டாக்டர், அந்தக் கடைசி ஒண்ண இப்ப வாசிச்சிரலாமா? நான் வந்து திருப்புதேன்," என்று கேட்டேன்.

அவர் விரல்களை மடக்கப் பார்த்தார். வீங்கிய கட்டை விரல் மடங்கவில்லை. "போதும். அது குறைஞ்சாலும் எங்க அக்காவுக்குத் தெரியும், எங்க நின்னதுன்னு. ராத்திரி வரைக்கும் ஆழமா உறங்க விடாதீங்க. உறங்குனா எழுப்பிப் பால் குடுங்க."

மறுநாள் ரீல் அப்படியே போனது. அவர் அக்கா அதைக் கேட்டாரா என்று நான் இது வரை கேட்கவில்லை. பிள்ளைக்கு இப்போது ஒன்றரை வயது, ஓடித் திரிகிறது. முதல் தொகுப்பு முடிந்ததுமே சொல்லியிருந்தால் டாக்டர் அரை மணி நேரம் முன்னதாகவே பார்த்திருப்பார் என்று ஒரு நாள் தோன்றும். இன்னும் இரண்டு நிமிஷம் பொறுத்திருந்தால் டாக்டருடைய அக்காவுக்கு முழுசாகக் கிடைத்திருக்கும் என்று இன்னொரு நாள் தோன்றும். அப்படித் தோன்றியதற்காக அன்று முழுவதும் என் மேலேயே வெறுப்பாக இருக்கும்.

அன்று சாயங்காலம் நடந்தே திரும்பினோம்.  பாதி வழியில் என் கணவர் கேட்டார்.

"ஆறா?"

"ஆறுதான்."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா."

"நீங்கதான சத்தம் வரக்கூடாதுன்னிய."

 தெருவில் பிள்ளையைத் தூக்கி நடக்கும் வழக்கம் எங்கள் வீட்டு ஆண்களுக்கு இல்லை. அன்று அவர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். இரண்டு எட்டு நடந்து நின்று, பிள்ளையின் மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் நடந்து மறுபடியும் வைத்தார். நான் பக்கத்திலேயே நடந்தேன். வீடு வந்து சேரும் வரை அவர் எத்தனை தடவை விரலை வைத்தார் என்று நான் எண்ணவில்லை.