ஒரே டம்ளர் டீ

செத்தவன் எழுந்து வந்து பதில் சொல்ல மாட்டான் என்ற தைரியத்தில்தான் பாதி நாக்குகள் ஆடுகின்றன. பட்டறை முதலாளியின் நாக்கும் அந்த ரகம்தான்.

"உங்க மாப்பிள்ளை உடம்பைப் பார்த்துக்கலப்பா. திருட்டுத்தனமா ஊதியிருப்பாரு. ஒரே கிருமிதானே? நீ தும்மலோட தப்பிச்சே, அவரு மட்டும் எப்படிப் போவாரு?"

வருஷங்கள் போயும் வெல்டருக்கு அது ஆறவில்லை. அந்தப் பேச்சு நினைவுக்கு வந்தால், நேராக இழுக்க வேண்டிய பற்றவைப்பு கோணிக்கொண்டு போகிறது.

மாப்பிள்ளை, வெல்டரின் தங்கையைக் கட்டியவர். அதே பட்டறையில் லேத் ஓட்டினார். பட்டப்பெயர் 'நிதானம்'. அவசரம் என்று யார் வந்து குதித்தாலும், "இரும்பு கோவிச்சுக்கும், நிதானம்" என்பார். பீடி வாடை அடித்தாலே மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். அவர் ஊதினாராம்! வாய் கூசவில்லையே.

இருவருக்கும் ஒரே டம்ளர் டீ. சூடான பாதி மாப்பிள்ளைக்கு, ஆறிப்போன பாதி வெல்டருக்கு.

"நீ கட்டினது என் தங்கச்சியையா, என்னையா?" என்பார் வெல்டர்.

"உன் தங்கச்சியா இருந்தா சூடான பாதியை எனக்கு விட்டிருக்க மாட்டா, மச்சான்."

காய்ச்சலும் இருவருக்கும் சேர்ந்தே வந்தது. வெல்டருக்கு மூக்கு ஒழுகியது, அவ்வளவுதான். மாப்பிள்ளைக்கோ மூச்சு முட்டி, ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். பார்க்க யாரையும் விடவில்லை. ஆனால் போனில் சொந்தபந்தம் மொத்தமும் தங்கையைப் பிடித்து உலுக்கியது. "சத்தா ஆக்கிப் போட்டியா? போட்டிருந்தா இப்படி ஆகுமா?" எரிகிற வீட்டில் பிடுங்குகிற கூட்டம்!

அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டரம்மா வீட்டுக்கு வந்தார். கையில் நுனியில் பஞ்சு வைத்த நீளமான குச்சி. அதைப் பார்த்ததுமே, தீப்பொறிக்கு அஞ்சாத வெல்டர் குளியலறைக்குள் புகுந்து தாழ் போட்டுக்கொண்டார்.

கதவுக்கு வெளியே டாக்டரம்மா தங்கையிடம் சொன்னது உள்ளே கேட்டது.

"மூக்கோட உள்தோல்ல இருக்கிற ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் மரபணுன்னு கட்டளைங்க இருக்கும்மா. கிருமி நுழைஞ்சதும் அதுல சிலது முழிச்சுக்கிட்டு, ஆபத்துன்னு கத்தணும். சிலருக்கு உடனே கத்துது. சிலருக்கு லேட்டாத்தான் முழிக்குது, அதுக்குள்ள கிருமி பெருகிடுது. நோய் முத்துறதுக்கு இது ஒரு காரணமான்னு பார்க்கிறோம். உங்க வீட்டுக்காரர் மூக்குல இந்தக் குச்சியை விட்டு மாதிரி எடுத்தாச்சு. அதே கிருமியில லேசா தப்பிச்சவர் மூக்கும் இருந்தாத்தான் ஒத்துப் பார்க்க முடியும்."

தங்கை கேட்டாள்: "அப்போ அவர் மேல தப்பில்லையா? என் மேலயும் இல்லையா?"

"தப்புன்னு யாரும்மா சொன்னது?" டாக்டரம்மாவுக்கே கோபம் வந்துவிட்டது.

வெல்டர் தாழ்ப்பாளில் கை வைத்தார். திறக்காமல் கையை எடுத்துவிட்டார். குச்சி மூளை வரைக்கும் போகும் என்று யாரோ சொன்னது அவர் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

போன் அடித்தது. வார்டிலிருந்து மாப்பிள்ளைக்கு நர்ஸ் போன் போட்டுக் கொடுத்திருக்கிறாள். விஷயத்தைக் கேட்டதும் மாப்பிள்ளை, "அவன்கிட்ட கொடு" என்றார். தங்கை ஒலியைக் கூட்டி, போனைக் கதவில் ஒட்டிப் பிடித்தாள்.

"மச்சான்..." ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கியது. "குளிக்கிறியா, ஒளிஞ்சிருக்கியா?"

"சும்மா இரு மாப்ளே, பேசாதே. மூச்சை வீணாக்காதே."

"ஒரே டீ குடிச்சோம். எனக்கு மட்டும் ஏன்னு... அவங்களாவது கண்டுபிடிக்கட்டும். உன் தங்கச்சியை ஆளாளுக்குப் பேசுறாங்க. கதவைத் தொற மச்சான். மூக்கைக் காட்டு. நிதானமா... தலையை ஆட்டாம உட்காரு."

வெல்டர் தாழ்ப்பாளை விலக்கினார்.