ஆறு பத்துக்கு மூடும் எம்.பி.ஏ.

சென்ற வாரம் ஒரு பிசினஸ் ஸ்கூல் வாசலில் அரை மணி நேரம் நின்றேன். உள்ளே விடவில்லை. இத்தனைக்கும் அந்த ஸ்கூலின் வரலாற்றை எழுதியதே நான்தான்.

ராயபுரத்தில் ஒரு கிறிஸ்தவக் கல்லூரி. அதன் மாலை நேர எம்.பி.ஏ. பிரிவைப் பார்க்க ஆய்வுக் குழு வருகிறது என்று டைரக்டர் ஃபாதர் இன்னாசி என்னைக் கூப்பிட்டார். “வரலாறும் நோக்கமும்... நாலே பக்கம் போதும். நீங்க எழுதினா ஜனங்க படிப்பாங்க” என்றார். புகழ்ந்துவிட்டு வேலை கொடுத்தால் நான் மறுத்ததாகச் சரித்திரம் உண்டா?

இரண்டு வாரம் பழைய பீரோவைக் குடைந்தேன். இன்றைய ஏ.சி. வகுப்பறைகளின் ஆதி, தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த ஒரு தகரக் கொட்டகை. துறைமுகக் குமாஸ்தாக்களுக்கு டைப்ரைட்டிங்கும் கணக்கும் சொல்லிக்கொடுக்க ஒரு பாதிரியார் ஆரம்பித்தது. ஷிப்ட் முடிந்து, முகம் கழுவி, எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகுதான் மனிதர் மணியையே அடிப்பாராம். நோக்கம்? வேலைக்குப் போகிறவர்கள் இன்னும் கொஞ்சம் மேலே போக வேண்டும். அவ்வளவுதான் எழுதி வைத்திருந்தார்.

இப்போதைய நோக்கம் உள்ளே ஆபீஸ் வாசலில் கிரானைட்டில் இருக்கிறது. உலகத் தரம், நெறிசார் தலைமை, புத்தாக்கம்... நடுவில் ஒரு தடவை மூச்சு வாங்கிக்கொண்டுதான் படித்து முடித்தேன்.

ஃபாதர் இன்னாசி நல்ல மனிதர். ஆனால் நேரம் என்று வந்துவிட்டால் ராணுவம். ஆறு மணிக்கு வகுப்பு. ஆறு பத்துக்கு கேட் பூட்டு. அதற்குப் பிறகு வருபவர்கள் லேட் ரெஜிஸ்டரில் பெயர், நேரம், காரணம் எழுதிவிட்டு, முதல் பீரியட் முடியும் வரை வெளியே நிற்க வேண்டும். அன்றைய வருகைப் பதிவும் கிடையாது.

ஆய்வு நாள். எழுதிய நான்கு பக்கத்தோடு காலடிப்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் கிளம்பினேன். எங்கள் ஊர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டிவிட்டால் என்ன ஆகும் என்று வடசென்னை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். போய்ச் சேர்ந்தபோது மணி ஆறு இருபது.

கேட்டில் வாட்ச்மேன் தனபால். “உள்ள உட முடியாது சார். ஃபாதர் சொல்லிக்கீறாரு.”

“நான் ஸ்டூடன்ட் இல்லப்பா.”

“யாரா இருந்தாலும்னு சேர்த்துத்தான் சொன்னாரு.”

எனக்கு முன்பே ஒரு பெண் அங்கே நின்றிருந்தாள். ஷபானா. வீடு தண்டையார்பேட்டை, வேலை எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டு ஆபீசில். ஐந்து மணிக்கு அங்கே கிளம்பினாலும், அவள் அனுப்பி வைத்த லாரிகளே அவள் பஸ்ஸை மறித்துக்கொண்டு நிற்கும். மெட்ரோ இருக்கிறதே என்கிறீர்களா? ஸ்டேஷனுக்கு வருவதற்கே லாரிகளைத் தாண்ட வேண்டுமே!

“இன்னிக்கும் அட்டெண்டன்ஸ் போச்சுன்னா செமஸ்டர் எழுத உட மாட்டாங்க சார்” என்றாள். கண் கலங்கியிருந்தது. “ரெண்டு வருசமா அம்மாகிட்ட சண்ட போட்டுப் படிச்சினுகீறேன்.”

அப்போது ஒரு கார் வந்து நின்றது. கோட்டும் டையுமாக மூன்று பேர் இறங்கினார்கள். ஆய்வுக் குழு! மதியம் எண்ணூர் பக்கம் வேறொரு கல்லூரியைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். ஃபாதருக்கு போன் போட்டார்கள். எடுக்கவில்லை. வகுப்பு நேரத்தில் எல்லோரும் போனைப் பெட்டியில் போட வேண்டும் என்பது ஃபாதரின் இன்னொரு சட்டம். முன்மாதிரியாக முதல் போன் அவருடையது.

“நாங்க யாருன்னு தெரியுதா?” என்றார் குழுத் தலைவர்.

“தெரியுது சார். லேட்டா வந்தவங்க” என்றார் தனபால், ரெஜிஸ்டரை நீட்டியபடி.

தலைவர் ரெஜிஸ்டரை வாங்கினார். பிறகு, என்ன தோன்றியதோ, பேனாவை எடுத்தார். ஷபானாவின் பெயருக்குக் கீழே தன் பெயர். நேரம் ஆறு முப்பது. அவள் காரணத்தில் ‘கன்டெய்னர் லாரி’ என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே இவர் ‘மேற்படி’ என்று போட்டார்.

சும்மா நிற்பானேன் என்று அவளிடமே ஆய்வை ஆரம்பித்தார். “உங்க ஸ்கூலோட நோக்கம் என்னம்மா?”

“தெரியாது சார். அதெல்லாம் ஃபர்ஸ்ட் பீரியட்லதான் சொல்லுவாங்களாம்.”

ஆறு ஐம்பதுக்கு, குழுவைக் காணோமே என்று ஃபாதரே கேட்டுக்கு வந்தார். கையில் சால்வை. கம்பிக்கு வெளியே நிற்பது யார் என்று பார்த்ததும் சால்வையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

தலைவர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “நல்ல ரூல் ஃபாதர். ஒரே ஒரு சந்தேகம். எங்களுக்கு இன்னிக்கு அட்டெண்டன்ஸ் உண்டா, இல்லையா?”

ஃபாதர் ரெஜிஸ்டரை வாங்கினார். ‘மேற்படி’யைப் பார்த்தார். பக்கங்களைப் பின்னால் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் ஷபானா, பக்கத்துக்குப் பக்கம் கன்டெய்னர் லாரி. அதுவரை அவர் அதைத் திறந்ததே இல்லை என்று முகம் சொன்னது. எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. பீரோவைக் குடைந்து வரலாறு தேடியவன், வாசலில் ஸ்டூல் மேல் கிடந்த நோட்டைப் பார்க்கவில்லையே!

கேட் திறந்தது. குழு உள்ளே போனது. ஷபானா மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள்.

“நீ ஏம்மா நிக்கிற? வா.”

“அட்டெண்டன்ஸ், ஃபாதர்?”

“போடச் சொல்றேன்.” கொஞ்சம் தயங்கி, “இந்த நோட்ல இருக்கிற எல்லா நாளுக்கும்” என்றார்.

அடுத்த திங்களிலிருந்து வகுப்பு ஆறே முக்காலுக்கு. நேற்று ஷபானா போன் செய்தாள். ஹால் டிக்கெட் வந்துவிட்டதாம். சந்தோஷம்தானே என்றேன்.

“சந்தோசம்தான் சார். ஆனா இனிமே ஃபெயிலானா லாரி மேல பழி போட முடியாதே... அதான் பேஜாரா கீது.”